ராத்திரி இரண்டு மணி வைத்தியம்

தர்மாமீட்டர் ஒரு காலத்தில் டாக்டருடைய சொத்து. ஓர் அடி நீளம் இருக்கும். அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு நோயாளி இருபது நிமிஷம் அசையாமல் கிடக்க வேண்டும். பக்கத்தில் ஒரு மேதை தாடியை நீவிக்கொண்டு கடிகாரத்தைப் பார்ப்பார். ஜெர்மனியின் கார்ல் வுண்டர்லிஷ் 1868-ல் காய்ச்சலைப் பற்றி ஒரு பெரிய புத்தகமே போட்டார். அதுவரைக்கும் அது விஞ்ஞானம். அதே காலத்தில் இங்கிலாந்தில் ஆல்பட் என்ற டாக்டர் அந்தக் குழாயை ஆறு அங்குலமாகச் சுருக்கி, ஐந்து நிமிஷத்தில் வேலை முடியும்படி செய்து தொலைத்தார். இனி வார்டில் இருக்கும் அத்தனை பேருக்கும், நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, நடுராத்திரியிலும் பார்த்துக் குறிக்கலாம் என்று ஆகிவிட்டது. தர்மாமீட்டர் விஞ்ஞானப் பதவியை ராஜினாமா செய்துவிட்டு நர்ஸின் ஏப்ரன் பைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டைக்கும் இதே கதிதான். இத்தாலியில் 1896-ல் ரிவா-ரோச்சி கண்டுபிடித்தது. மூளை அறுவை நிபுணர் ஹார்வி குஷிங் 1901-ல் அதை ஏதோ புனிதப் பொருள்போல அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார். நர்ஸ் அதைத் தொடுவது வெகுகாலம் அதிகப்பிரசங்கித்தனம். பிறகு மணிக்கொரு தரம் பார்க்க வேண்டிய நோயாளிகள் பெருகினார்கள். பட்டை கைமாறிவிட்டது.

அமெரிக்க மருத்துவ வரலாற்றைக் கொஞ்சம் மரியாதையில்லாமல் படித்தால் ஒரு விதி கிடைக்கிறது. ஒரு காரியம் மருத்துவமா, நர்ஸ் வேலையா என்று எப்படி முடிவாகிறது? உடற்கூறு, படிப்பு, ஆபத்து என்று பெரியவர்கள் பல காரணம் சொல்வார்கள். எனக்குத் தெரிந்து கேள்வி மூன்றே மூன்று. மணி என்ன? நோயாளியின் வீடு எவ்வளவு தூரம்? பணம் வருமா? ராத்திரி இரண்டு மணி, மலை மேல் வீடு, பைசா பெயராது என்றால் அந்த வேலை முழுக்க முழுக்க நர்ஸுடையது; தாராளமாகச் செய்யலாம். காலை பத்து மணி, நகரம், ரொக்கம் என்றால் அதே காரியத்துக்குப் பத்து வருஷப் படிப்பு வேண்டும். தானே நோய் கண்டறிந்து மருந்தும் எழுதும் நர்ஸ் பிராக்டிஷனர் என்று ஒரு தொழில் பிறந்து, இன்று அமெரிக்காவில் நாலு லட்சம் பேருக்கு மேல் அந்த உரிமத்தோடு நடமாடுகிறார்கள் என்றால், அது இந்த மூன்று கேள்விகளும் பெற்ற பிள்ளை.

நியூயார்க்கில் தொடங்குவோம். 1893-ல் லிலியன் வால்ட் என்ற இளம் நர்ஸ் லோயர் ஈஸ்ட் சைடுக்குக் குடிவந்தார். ரஷ்யாவிலிருந்தும் போலந்திலிருந்தும் கப்பலேறி வந்த ஏழைகள் ஓர் அறைக்கு எட்டுப் பேராக அடைந்து கிடந்த பேட்டை அது. அவர் தொடங்கிய ஹென்றி தெரு இல்லத்து நர்ஸுகள் ஒவ்வொரு கட்டடமாக ஏறி இறங்க முடியாமல், கையில் பையோடு மொட்டை மாடிக்கு மொட்டை மாடி தாண்டிப் போய்ப் பிரசவம், நிமோனியா, தீக்காயம் எல்லாம் பார்த்தார்கள். உடனே புகார் வந்தது. இந்தப் பெண்கள் களிம்பு தடவுகிறார்களாம். போதாக்குறைக்கு மாத்திரை வேறு கொடுக்கிறார்களாம்! டாக்டர் கண்காணிப்பு இல்லாமல்! ஐந்தாவது மாடி குழந்தைக்குச் சிரங்கு இருந்தது வரைக்கும் பேட்டை அமைதியாகத்தான் இருந்தது. சிரங்கு ஆற ஆரம்பித்ததும்தான் மருத்துவ அறம் விழித்துக்கொண்டது.

அதே காலத்தில் மினசோட்டா மாநிலத்தின் ராசெஸ்டரில், மேயோ சகோதரர்களின் ஆஸ்பத்திரியில், மயக்கமருந்து கொடுப்பது யார் என்று ஒரு சங்கடம். ஈதரைச் சொட்டுச் சொட்டாக முகத்துணியில் விட வேண்டும். மூச்சையும் முகநிறத்தையும் விட்டுக் கண் எடுக்கக்கூடாது. இந்த வேலையை இளம் டாக்டரிடம் கொடுத்தால், அவர் அறுவை கற்க வந்தவர், கண் முழுக்கக் கத்தியின் மேல். நோயாளி நீலமாவதைக் கடைசியாகக் கவனிப்பவர் அவராகத்தான் இருப்பார். சம்பளமும் சொற்பம், புகழும் இல்லை. ஆகவே, நமது விதிப்படி, இது நர்ஸ் வேலை. ஆலிஸ் மகாவ் என்ற நர்ஸ் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். 1906-ல் தன் கணக்கை அச்சிட்டார்: பதினாலாயிரத்துக்கு மேல் மயக்கங்கள், மயக்கமருந்தால் ஒரு சாவுகூட இல்லை. சார்லி மேயோ அவரை மயக்கமருந்தியலின் தாய் என்றே அழைத்தார். தாய் என்று பட்டம் கொடுப்பதில் ஒரு வசதி உண்டு, பங்கு கொடுக்க வேண்டியதில்லை.

பிறகு மயக்கமருந்தில் காசு இருக்கிறது என்று டாக்டர்களுக்குத் தெரியவந்தது. முப்பதுகளில், பொருளாதாரம் படுத்துக் கிடந்தபோது, கலிஃபோர்னியாவில் சில மயக்க மருத்துவர்கள் டாக்மர் நெல்சன் என்ற நர்ஸ் மேல் வழக்குப் போட்டார்கள்: இவர் உரிமமில்லாமல் மருத்துவம் செய்கிறார். 1936-ல் மாநில உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அறுவை நிபுணரின் பார்வையில் அவர் சொல்படி செய்கிறார், ஆகவே இது மருத்துவம் ஆகாது என்று தீர்ப்பு. அறுவை நிபுணருக்கு மயக்கமருந்தைப் பற்றி எவ்வளவு தெரியும் என்று நீதிபதிகள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கும்.

தூரத்துக்கு நல்ல உதாரணம் கென்டக்கி. அங்கே மேரி பிரெக்கின்ரிட்ஜ் என்று ஒரு சீமாட்டி. தாத்தா அமெரிக்காவின் துணை ஜனாதிபதியாக இருந்தவர், அப்பா ரஷ்யாவில் தூதர். மேரி இரண்டு குழந்தைகளைப் பறிகொடுத்தார், கல்யாணமும் நிலைக்கவில்லை. அந்தக் காலத்து சீமாட்டிகள் இப்படி நேர்ந்தால் கறுப்பு உடையில் பியானோ வாசிப்பார்கள். இவர் லெஸ்லி கவுண்டியின் மலைக்காட்டில் தாய்-சேய் மருத்துவச் சேவை தொடங்குவது என்று முடிவெடுத்தார். கார் போகும் சாலை ஒன்றுகூடக் கிடையாது. ஆறு, பாறை, சேறு. பிரசவம் பார்க்கும் நர்ஸ் என்று ஒரு பயிற்சியே அப்போது அமெரிக்காவில் ஒழுங்காக இல்லாததால் இங்கிலாந்துக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தார். 1925-ல் பிறந்தது ஃபிரான்டியர் நர்ஸிங் சர்வீஸ்.

நர்ஸுகள் குதிரையில் போனார்கள். முழங்கால் பூட்ஸ், தோல் பை, அதில் ஒரு பிரசவத்துக்கு வேண்டிய சகலமும். வெள்ளத்தில் குதிரை நீந்தும்போது பை நனையக்கூடாது, நர்ஸ் நனையலாம். எந்த நோய்க்கு எதைக் கொடுக்கலாம் என்று லெக்சிங்டன் நகரத்து மருத்துவர்கள் ஒரு சிறு கையேடு எழுதிக் கொடுத்திருந்தார்கள். சேணப்பையில் அந்தக் கையேடு இருக்கிற வரை நர்ஸ் தன் இஷ்டத்துக்கு எதுவும் செய்யவில்லை என்பது ஐதீகம். மலை உச்சியில், அரிக்கேன் வெளிச்சத்தில், குழந்தை குறுக்கே திரும்பிக் கிடக்கும்போது, அந்த நர்ஸ் ஒரு டாக்டரின் கண்காணிப்பில்தான் இருக்கிறார். டாக்டர் மட்டும் குதிரையில் ஒரு முழு நாள் தூரத்தில் இருக்கிறார்.

பிரசவக் கட்டணம் ஐந்து டாலர். இல்லாதவர்கள் விறகு, முட்டை என்று கொடுக்கலாம். முட்டை வாங்கிக்கொண்டு பிரசவம் பார்க்க வேறு யாரும் போட்டிக்கு வராததால் கென்டக்கி மருத்துவ உலகம் கண்டுகொள்ளாமல் இருந்தது. மெட்ரோபாலிடன் லைஃப் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் புள்ளியியல் நிபுணர் லூயிஸ் டப்ளின் முதல் ஆயிரம் பிரசவங்களின் கணக்கை எடுத்துப் பார்த்தார். கர்ப்பத்தாலோ பிரசவத்தாலோ நேரடியாக ஒரு தாயும் இறக்கவில்லை. நாட்டின் பளபளப்பான ஆஸ்பத்திரிகள் அன்று அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது. உயிரைப் பந்தயம் வைத்துக் காசு பார்க்கும் கம்பெனியின் கணக்கு இது. பாசத்தில் கூட்டிச் சொல்லியிருக்க வழியில்லை.

பிரெக்கின்ரிட்ஜைத் தெய்வமாக்க வேண்டாம். கறுப்பினத்தவர் விஷயத்தில் அவர் பழைய தெற்கத்திச் சீமாட்டிதான். அவருடைய காலத்தில் அவர்களை நர்ஸாகச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1931-ல் குதிரையிலிருந்து விழுந்து முதுகெலும்பை முறித்துக்கொண்டார். நிர்வாகத்தை மட்டும் விடவில்லை. 1965 மே மாதம் காலமானார். அந்த வருஷத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குள் நகரத்து ஆஸ்பத்திரிகளில் வேறொரு கலை வளர்ந்திருந்தது: தெரிந்ததைத் தெரியாததுபோல் சொல்லும் கலை. அமெரிக்க நர்ஸுகள் சங்கமே 1955-ல் நர்ஸ் தொழிலுக்கு ஓர் இலக்கணம் வகுத்து, அதன் வாலில் ஒரு வாக்கியத்தைத் தொங்கவிட்டது: நோயைக் கண்டறிவதோ, சிகிச்சை விதிப்பதோ இதில் சேராது. யாரும் கேட்காமலே தன் கையைத் தானே கட்டிக்கொண்ட சங்கம் உலகத்தில் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். இந்த இலக்கணப்படி, கட்டிலிலிருந்து தரைவரை ரத்தம் வழிந்தால் நர்ஸ் குறிப்பேட்டில் "ரத்தம்போல் தெரிகிறது" என்று எழுத வேண்டும். ரத்தம் என்று அடித்துச் சொல்வது நோய் நிர்ணயம்.

லெனார்ட் ஸ்டைன் என்ற மனநல மருத்துவர் 1967-ல் இதையே டாக்டர்-நர்ஸ் விளையாட்டு என்று பெயரிட்டு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். விளையாட்டின் ஒரே விதி: நர்ஸ் யோசனை சொல்ல வேண்டும், சொன்னது யாருக்கும் தெரியக்கூடாது, டாக்டர் யோசனை கேட்க வேண்டும், கேட்டது யாருக்கும் தெரியக்கூடாது. ராத்திரி இரண்டு மணிக்கு டெலிபோன் அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"டாக்டர், மன்னிக்கணும். பன்னிரண்டாம் நம்பர் பெட் தாத்தாவுக்கு மூச்சு கொஞ்சம் இரைக்கிற மாதிரி இருக்கு. கால்கூட வீங்கியிருக்கோன்னு தோணுது."

"ம்ம்."

"போன வாரம் இதே மாதிரி ஆனப்போ நீங்க ஒரு ஊசி சொன்னீங்க. உடனே கேட்டுது. உங்க கைராசி."

"என்ன ஊசி சொன்னேன், சிஸ்டர்?"

அவர் சொல்கிறார்.

"அதையே போடுங்க. இதுக்கெல்லாம் என்னை எழுப்பணுமா?"

இதில் மருத்துவம் செய்தது டாக்டர். நர்ஸ் வெறுமனே டெலிபோன் பேசினார். இந்த நாடகத்துக்கு ஒத்திகை நர்ஸிங் பள்ளியிலும், எதிர்வசனத்துக்கான பயிற்சி மருத்துவக் கல்லூரியிலும் கொடுத்தார்கள் என்கிறார் ஸ்டைன்.

நாடகம் உடைந்த இடம் இதயம். அறுபதுகளின் தொடக்கத்தில் மாரடைப்பு வந்தவர்களை ஒரே அறையில் வைத்து, இதயத் துடிப்பைத் திரையில் ஓடவிட்டுக் கண்காணிக்கும் ஏற்பாடு வந்தது. துடிப்பு தாறுமாறானால் நெஞ்சில் மின் அதிர்ச்சி கொடுக்க வேண்டும். அதற்குச் சில நிமிஷங்கள்தான் அவகாசம். டாக்டர் வீட்டில் படுத்திருக்கிறார். அவர் கண்ணாடியைத் தேடி, செருப்பைத் தேடி, காரை எடுத்து வருவதற்குள் நோயாளி வேறு ஊருக்குப் போய்விடுவார். ஃபிலடெல்ஃபியாவில் லாரன்ஸ் மெல்ட்ஸர் என்ற டாக்டரும் ரோஸ் பின்னியோ என்ற நர்ஸும் யோசித்து, வார்டு நர்ஸுகளுக்கே ஈசிஜி படிக்கவும் அதிர்ச்சி கொடுக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். ரத்தத்தை ரத்தம் என்று எழுதக்கூடாத ஒரு பெண், இப்போது செத்தவரை எழுப்பலாம். காரணம் கடிகாரம்.

இனி 1965. அந்த ஜூலையில் ஜனாதிபதி ஜான்சன் கிழவர்களுக்கு மெடிகேரும் ஏழைகளுக்கு மெடிகெய்டும் கொடுத்துக் கையெழுத்துப் போட்டார். மருத்துவத்துக்குப் பணம் ஏற்பாடாகிவிட்டது; மருத்துவரைத்தான் காணோம். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு எல்லோரும் நிபுணர்களாகிவிட்டார்கள். காதுக்கு ஒருவர், கண்ணுக்கு ஒருவர் என்று பிரித்துக்கொண்டதில், வயிற்றுவலியோடு வரும் பையனை முழு ஆளாகப் பார்க்க யாரும் மிச்சமில்லை.

கொலராடோவில் லோரெட்டா ஃபோர்டு என்று ஒரு பொதுச்சுகாதார நர்ஸ். யுத்தத்தில் நிச்சயிக்கப்பட்ட மாப்பிள்ளையை இழந்து, தானே ராணுவ விமானப் படையில் நர்ஸாகச் சேர்ந்தவர். கண்பார்வை சரியில்லை என்று விமானத்தில் ஏற்றவில்லை. பிறகு போல்டர் கவுண்டியில் தேவாலயக் கூடங்களில் குழந்தைகள் முகாம் நடத்தினார். டாக்டர் எப்போதாவது வருவார். அம்மாக்கள் எப்போதும் வருவார்கள். எடை பார்ப்பது, தடுப்பூசி, இந்தப் பிள்ளை ஏன் இன்னும் நடக்கவில்லை என்ற கவலை எல்லாம் நர்ஸிடம்தான். கிராமத்து நர்ஸுகள் ஏற்கெனவே திருட்டுத்தனமாகச் செய்துகொண்டிருப்பதைப் பாடத்திட்டமாக எழுதி வெளிச்சத்தில் செய்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது.

கூட்டாளியாகக் கிடைத்தவர் ஹென்றி சில்வர், கொலராடோ பல்கலைக்கழகத்துக் குழந்தை மருத்துவர். லேசான ஆள் இல்லை. ஒரு வளர்ச்சிக் கோளாறுக்கே அவர் பெயர் உண்டு. அடிபட்ட குழந்தைகளைப் பற்றி அமெரிக்காவை உலுக்கிய 1962-ம் வருஷத்து ஆய்வுக் கட்டுரையிலும் அவர் ஓர் ஆசிரியர். இருவரும் சேர்ந்து டென்வரில் நர்ஸுகளுக்கு ஒரு பயிற்சி ஆரம்பித்தார்கள். நாலு மாசம் வகுப்பும் ஆஸ்பத்திரியும், பிறகு களத்தில் பழக்கம். குழந்தையைத் தலைமுதல் கால்வரை சோதிப்பது, ஸ்டெதஸ்கோப்பில் இதயம் கேட்பது, காதுக்குள் விளக்கடித்துப் பார்ப்பது. கடைசி விஷயம் பெரிய புரட்சி. செவிப்பறை சிவந்திருக்கிறதா என்று பார்க்கும் உரிமை அதுவரை டாக்டருக்கு மட்டும். பார்த்துவிட்டால் முடிவு செய்ய வேண்டிவருமே.

எதிர்ப்பு வந்தது. டாக்டர்களிடமிருந்து வந்தது புரிகிறது. ரசமான எதிர்ப்பு நர்ஸிங் பேராசிரியைகளிடமிருந்து வந்தது. ஃபோர்டின் சொந்தப் பல்கலைக்கழகத்திலேயே அவரை முறைத்தார்கள். காதுக்குள் எட்டிப் பார்ப்பது மருத்துவம். நல்ல குடும்பத்து நர்ஸ் செய்யலாமா? நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மார்த்தா ராஜர்ஸ் என்ற மகா பண்டிதை இருந்தார். மனிதன் ஓர் ஆற்றல் புலம், பிரபஞ்சமும் ஓர் ஆற்றல் புலம், நர்ஸிங் என்பது இரண்டையும் ஒத்திசைய வைப்பது என்பது அவர் தத்துவம். அப்பேர்ப்பட்ட தொழிலை டாக்டரின் எடுபிடியாக மாற்றும் சூழ்ச்சிதான் நர்ஸ் பிராக்டிஷனர் என்று அவர் சீறினார். அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. ஆனால் கொலராடோ மலையில் காதுவலியால் வீறிடும் குழந்தையின் ஆற்றல் புலத்துக்கு அன்று தேவைப்பட்டது பென்சிலின்.

இந்தக் கோபத்துக்கு விலை கொடுத்தவர்களும் உண்டு. வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜீன் ஸ்டெட் என்ற பேராசிரியர் தெல்மா இங்கிள்ஸ் என்ற நர்ஸோடு சேர்ந்து, ஐம்பதுகளின் கடைசியிலேயே நர்ஸுகளுக்கு ஆழமான மருத்துவப் பயிற்சி கொடுக்கப் பார்த்தார். தேசிய நர்ஸிங் லீக் அங்கீகாரம் தரவே முடியாது என்றது. ஸ்டெட் சலித்துப்போய், கடற்படையில் கட்டுப்போட்டுப் பழகிய நாலு ஆண்களைப் பிடித்துவந்து 1965-ல் பயிற்சி கொடுத்தார். பிசிஷியன் அசிஸ்டென்ட் என்ற தொழில் அப்படிப் பிறந்தது. நர்ஸுகள் வேண்டாமென்று தள்ளிய தட்டை மாலுமிகள் வழித்துச் சாப்பிட்டார்கள்.

1970-ல் அமெரிக்க மருத்துவச் சங்கம் ஒரு பெருந்தன்மையான அறிவிப்பு செய்தது: டாக்டர் பற்றாக்குறையைத் தீர்க்க நர்ஸுகளை எங்கள் உதவியாளர்களாக்கிக்கொள்ளப் போகிறோம். நர்ஸுகள் சங்கத்திடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெண்ணின் வீட்டாருக்குச் சொல்லாமலே அச்சடித்த கல்யாணப் பத்திரிகை அது. நர்ஸுகள் சங்கம் கிழித்துப் போட்டது. அதற்குப் பிறகுதான் தங்கள் பெண்களைத் தாங்களே கரையேற்றலாம் என்று நர்ஸிங் தலைமைக்குப் புத்தி வந்தது.

சட்டம் முதலில் அசைந்த இடம் இடாஹோ, 1971. உருளைக்கிழங்கும் மலையும் அதிகம், டாக்டர் குறைவு; வேறெங்கே அசையும்? நோய் கண்டறிவதும் சிகிச்சை செய்வதும் சிறப்புப் பயிற்சி பெற்ற நர்ஸின் வேலையில் சேரும் என்று அங்கே எழுதினார்கள், மருத்துவ வாரியமும் நர்ஸிங் வாரியமும் சேர்ந்து விதி வகுக்க வேண்டும் என்ற கொக்கியோடு. நியூயார்க் 1972-ல் இன்னும் சாமர்த்தியமாக ஒரு வழி கண்டது. நர்ஸ் நோயைக் கண்டறியக்கூடாது. நோய்க்கு மனிதன் காட்டும் எதிர்வினையைக் கண்டறியலாம். இதை வைத்து அடுத்த வருஷம் செயின்ட் லூயிஸில் மாநாடு கூட்டி நர்ஸுகளுக்கென்று தனியாக நோய்ப் பட்டியலே தயாரிக்க ஆரம்பித்தார்கள். டாக்டர் நிமோனியா என்று எழுதுவார். நர்ஸ் "சுவாசப் பாதையைச் சுத்தம் செய்வதில் பயனின்மை" என்று எழுதுவார். நோயாளி இருமுவார்.

நர்ஸ் பிராக்டிஷனர் பார்த்தால் ஜனங்கள் செத்துப்போவார்களா என்ற நியாயமான கேள்விக்கு விடை தேடியவர்கள் கனடாக்காரர்கள். ஒன்டாரியோவின் பர்லிங்டனில் குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியை டாக்டரிடமும் மறு பகுதியை நர்ஸ் பிராக்டிஷனரிடமும் அனுப்பினார்கள். 1974-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் முடிவு வந்தது: இரண்டு பக்கமும் ஆரோக்கியம் ஒன்றுதான். நர்ஸிடம் வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கை அவர் டாக்டரைக் கேட்காமலே சமாளித்தார். சரி, ஏன் நாடெங்கும் உடனே பரவவில்லை? அதே கட்டுரையில் விடையும் இருக்கிறது. நர்ஸ் பார்த்ததற்குக் கட்டணம் வாங்க அனுமதி இல்லாததால் அந்த டாக்டர்களின் வருமானம் இறங்கிவிட்டது. நோயாளி பிழைத்தார், கல்லாப்பெட்டி படுத்துவிட்டது. எந்த மருந்தாக இருந்தாலும் இந்தப் பக்கவிளைவு இருந்தால் சந்தையில் விடமாட்டார்கள்.

அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மேரி முண்டிங்கர் குழு 1,316 நோயாளிகளை வைத்து இதையே இன்னொரு முறை செய்து 2000-ம் வருஷத்தில் வெளியிட்டது. ஆறு மாசம் கழித்து வித்தியாசம் தெரியவில்லை. ஆறு மாசம் போதாது என்றார்கள் எதிர்த்தரப்பினர். அந்த ஆட்சேபணையில் விஷயம் உண்டு. சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் ஆறு மாசத்தில் கணக்கு முடிக்கும் வியாதிகள் இல்லை.

நடுவில் 1983-ல் மிசௌரியில் ஒரு கூத்து. ஏழைப் பெண்களுக்கான குடும்பக் கட்டுப்பாட்டு நிலையத்தில் நர்ஸுகள் டாக்டர்கள் எழுதிக்கொடுத்த விதிமுறைப்படி பரிசோதனை செய்து கருத்தடை மாத்திரை கொடுத்தார்கள். ஒரு நோயாளிகூடப் புகார் சொல்லவில்லை. மருத்துவ வாரியம் தானாகவே வருத்தப்பட்டது. உரிமமில்லா மருத்துவம், அதற்கு உடந்தையாக டாக்டர்கள்! மாநில உச்ச நீதிமன்றம் நர்ஸுகள் பக்கம் நின்றது. ஜார்ஜியா மாநிலமோ 2006 வரை பிடிவாதம் பிடித்தது. அதுவரை அங்கே டாக்டரின் பெயரில் மருந்துக்கடைக்குப் போன் போட்டு மருந்து சொல்லலாம். தன் கையால் சீட்டு எழுதக்கூடாது. நாக்கால் செய்தால் நர்ஸிங், பேனாவால் செய்தால் மருத்துவம்.

இன்று நர்ஸ் பிராக்டிஷனர் ஆக என்ன வேண்டும்? முதலில் நர்ஸிங் பட்டமும் உரிமமும். அதன் மேல் இரண்டு மூன்று வருஷ முதுகலை, அல்லது டாக்டர் பட்டம். குடும்பம், குழந்தை, முதியோர், மனநலம் என்று ஒரு பிரிவைத் தேர்ந்துகொண்டு தேசியச் சான்றிதழ்த் தேர்வு எழுத வேண்டும். படிக்கும்போது நேரடியாக நோயாளி பார்க்கும் நேரம் வெகுகாலம் குறைந்தது 500 மணி. 2022-ல்தான் 750 என்று உயர்த்தினார்கள். இங்கே நான் கட்சி மாறப்போகிறேன். பல மாநிலங்களில் தலைமுடி வெட்டி அலங்காரம் செய்ய உரிமம் வாங்குவதற்கு ஆயிரம் மணிக்கு மேல் பயிற்சி கட்டாயம். கத்தரிக்கோலைவிட ஸ்டீராய்டு ஆபத்தானது என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். வார்டில் பத்து வருஷம் ராத்திரி டூட்டி பார்த்துவிட்டு வருபவருக்கு 750 மணி மேலோட்டமான சம்பிரதாயம்தான். அவர் ஏற்கெனவே பாதி டாக்டர்களைப் பயிற்றுவித்தவர். ஆனால் வார்டு வாசனையே இல்லாமல் ஆன்லைனில் ஒரே மூச்சில் படித்து வருபவருக்கும் அதே 750 என்றால் அது வயிற்றைக் கலக்குகிறது. வகுப்பு கம்ப்யூட்டரில்; பயிற்சி தரும் குருவை மாணவியே தேடிப் பிடிக்க வேண்டும். எத்தனையோ பல்கலைக்கழகங்கள் கட்டணத்தை வாங்கிக்கொண்டு, குருவுக்கு நீங்களே பொறுப்பு என்று கை கழுவுகின்றன. குரு கிடைக்காதவர்கள் தரகருக்குப் பணம் கட்டி குருவை வாடகைக்கு எடுக்கிறார்கள். ஏகலைவன் இவர்களைவிட அதிர்ஷ்டசாலி, சிலை இலவசம்.

நர்ஸிங் கல்லூரிகளின் சங்கம் 2004-ல் ஒரு சபதம் போட்டது: 2015-க்குள் எல்லோருக்கும் டாக்டர் பட்டம். 2015 வந்தது, போனது. முதுகலை இன்னும் இருக்கிறது. சிரமப்பட்டுப் பட்டம் வாங்கியவர்கள் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போடப்போனால் அது வேறு ரகளை. கலிஃபோர்னியாவில் அப்படிப் போட்டுக்கொள்ளச் சட்டம் இடம் தராததால் 2023-ல் மூன்று பேர் வழக்குக்கே போனார்கள். சரித்திரத்தில் ஆராய்ச்சி செய்தவர், கார் நிறுத்துமிடத்தில்கூட டாக்டர் என்று போர்டு வைத்துக்கொள்ளலாம். நோயைப் பார்ப்பவருக்குத்தான் தடை.

பணக் கணக்கு இன்னும் அழகு. 1997-ன் சட்டப்படி மெடிகேர் நர்ஸ் பிராக்டிஷனருக்கு நேரடியாகப் பணம் கொடுக்கும், டாக்டர் கட்டணத்தில் 85 சதவீதம். ஆனால் வெகுகாலம், டாக்டர் போட்டுக்கொடுத்த திட்டத்தின் தொடர்ச்சியாக, டாக்டர் அதே அலுவலகத்தில் இருக்கும்போது பார்த்து, டாக்டர் பெயரில் பில் போட்டால் நூறு சதவீதம் கிடைத்தது. காது அதே காது. பார்க்கும் கண் அதே கண். டாக்டர் அடுத்த அறையில் செய்தித்தாள் படித்தால் வைத்தியத்தின் மதிப்பு எண்பத்தைந்திலிருந்து நூறுக்கு ஏறியது. அவர் சாண்ட்விச் வாங்க வெளியே போனால் இறங்கியது. மினியாபொலிஸில் 2000-ல் ஒரு கும்பல் இன்னும் மேலே போய், சூப்பர் மார்க்கெட்டுக்குள்ளேயே நர்ஸ் பிராக்டிஷனரை உட்காரவைத்தது. தொண்டை வலியைக் காட்டிவிட்டு அப்படியே ரொட்டியும் வாங்கலாம். பிறகு சிவிஎஸ் மருந்துக்கடை அதை வாங்கிக்கொண்டது. மலைக்குக் குதிரையில் போன தொழில், ஷாம்பு வரிசைக்குப் பின்னால் ஜன்னலில்லா அறையில் வந்து உட்கார்ந்தது.

2020-ல் கொரோனா வந்தபோது முழு நாட்டுக்கும் ஒரே சமயத்தில் ராத்திரி இரண்டு மணி ஆயிற்று. முப்பது வருஷமாக நோயாளிகளின் பாதுகாப்புக்காக விட்டுக்கொடுக்கவே முடியாது என்று சொன்ன மேற்பார்வை விதிகளைப் பல மாநில கவர்னர்கள் ஒரே கையெழுத்தில் நிறுத்திவைத்தார்கள். மிகக் கொடிய நோய், மிக நெருக்கடியான வார்டு, மிகக் குறைந்த உபகரணம்; இதற்கு டாக்டரின் கண்காணிப்பு தேவையில்லை. பிறகு மாசச்சூசெட்ஸ், நியூயார்க், கான்சஸ் போன்றவை வெட்கப்பட்டு விதியைத் தளர்த்திச் சட்டமாக்கின. இன்று பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் நர்ஸ் பிராக்டிஷனர் தன் பொறுப்பில் தொழில் செய்யலாம். மற்றவற்றில் கவர்னரின் உத்தரவு காலாவதியானபோது அவர்களுடைய திறமையும் காலாவதியாகி, மறுபடி ஒப்பந்தக் கையெழுத்து தேவைப்பட்டது.

அந்த ஒப்பந்தத்தின்படி ஒத்துழைக்கும் டாக்டர் சில கோப்புகளைப் புரட்டிப் பார்ப்பார். பலருக்கு அதற்கு மாதச் சந்தா உண்டு. நோயாளியை அவர் பார்க்க வேண்டும் என்று கட்டாயமில்லை. உயிரோடு இருந்தால் போதும். அது மட்டும் முக்கியம். அவர் ஓய்வுபெற்றாலோ, ஊர் மாறினாலோ, மண்டையைப் போட்டாலோ, இன்னொரு கையெழுத்து கிடைக்கும் வரை கிளினிக்கை மூட வேண்டியதுதான். கிராமத்தில் சுற்று வட்டாரத்துக்கே அது ஒன்றுதான் கிளினிக் என்றாலும். ஆகவே புத்திசாலி நர்ஸ் பிராக்டிஷனர் ஒப்பந்தம் போடுவதற்கு முன்னால் அந்த டாக்டரின் படிப்பு, அனுபவம், கைராசி எதையும் விசாரிப்பதில்லை. கொலஸ்ட்ரால் எவ்வளவு என்று கேட்கிறார்.